பதினோரு மாதம் முடியும் முன்பே: காட்டுப்பாக்கத்தில் வாடகை வீட்டைக் காலி செய்தல்

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வாடகை வீட்டை விட்டுப் போவதைச் சட்ட நூல்கள் குத்தகையின் முடிவு என்ற தலைப்பின் கீழ்ப் பேசுகின்றன. காட்டுப்பாக்கத்தில் அந்தப் பேச்சு அட்வான்சில் தொடங்கி அட்வான்சில்தான் முடிகிறது. மவுண்ட் – பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் குடியிருப்பவர்களில் பலர் வேலையையோ படிப்பையோ தொடர்ந்து வந்தவர்கள். போரூர், மணப்பாக்கம் பக்கத்து மென்பொருள் அலுவலகங்கள், போரூர் ராமச்சந்திரா மருத்துவமனை, வேலப்பன்சாவடிக் கல்லூரிகள், இருங்காட்டுக்கோட்டை – ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் எல்லாம் இங்கிருந்து போய்வரும் தூரத்தில் உள்ளன. வேலை மாறினால் வீடும் மாறும். அது பதினோரு மாத ஒப்பந்தம் முடிகிறவரை காத்திருப்பதில்லை.

அந்தப் பதினோரு மாதக் கணக்குக்குக் காரணம் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையையும் ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது அதன் 17ஆம் பிரிவு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஒரு மாதத்தைக் குறைத்தால் பதிவுச் செலவும் அலைச்சலும் மிச்சம் என்ற எண்ணத்தில் நாடு முழுவதும் பதினோரு மாதம் வழக்கமாயிற்று. முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்வதோடு வேலை முடிந்துவிடும். ஆனால் பதினோரு மாதம் என்பதும் ஒரு குறித்த காலம்தான். அந்தக் காலத்துக்குள் யார், எவ்வளவு நாள் முன்னால் சொல்லிவிட்டு விலகலாம் என்பதை ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு வரி தீர்மானிக்கிறது. கையெழுத்திடும் நாளில் வாடகைத் தொகையும் அட்வான்ஸ் தொகையும் இருக்கும் இடத்தைத் தாண்டி யாரும் படிப்பதில்லை. பழைய ஒப்பந்தத்தின் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அச்செடுத்த தாளாக இருந்தால், வேறொரு வீட்டுக்காக யாரோ எப்போதோ பேசி முடித்த நிபந்தனை இந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

அந்த வரி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டம் காலத்துக்குக் காலம் வேறு விடை சொல்லியிருக்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தமோ உள்ளூர் வழக்கமோ இல்லாத வீட்டுக் குத்தகை மாதாமாதக் குத்தகை. இரு தரப்பில் யாரும் பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்து அதை முடித்துக்கொள்ளலாம். முன்பு அந்தப் பதினைந்து நாளும் குத்தகை மாதத்தின் கடைசி நாளோடு சரியாக முடிய வேண்டும் என்று இருந்தது. ஒரு நாள் பிசகியதற்காகவே தள்ளுபடியான வழக்குகள் ஏராளம். 2002ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தக் கெடுபிடியை நீக்கியது. நாள் கணக்கு அறிவிப்புக் கிடைத்த தேதியிலிருந்து தொடங்கும் என்றும் தெளிவாக்கியது. ஆனால் இந்தப் பதினைந்து நாள் வசதி மாதாமாதக் குத்தகைக்கு உரியது. பதினோரு மாதம் என்று காலம் குறித்து எழுதிவிட்டு, நடுவில் விலகும் வழியை எழுதாமல் விட்டவருக்கு அந்தப் பிரிவு உதவாது. உரிமையாளர் சம்மதித்து வீட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டால்தான் விடுதலை.

சென்னை மாகாணத்தின் வாடகைச் சட்டங்கள் நெடுங்காலம் இந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுத் தட்டுப்பாட்டில் பிறந்த கட்டுப்பாட்டு ஆணைகள் 1946, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களாகி, பிறகு 1960ஆம் ஆண்டின் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டமாக நிலைபெற்றன. அவற்றின் கவலையெல்லாம் குடியிருப்பவரை உரிமையாளர் வெளியேற்றிவிடக் கூடாது என்பது. குடியிருப்பவர் தானாகப் போனால் அரசுக்கு ஒரே ஒரு அக்கறை இருந்தது. வீடு காலியானதை ஏழு நாளுக்குள் உரிய அதிகாரிக்கு உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்காக அதை எடுத்துக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவு ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் சொன்னது. சட்டம் அப்படி இருக்க, சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்குவது சர்வ சாதாரணமாக நடந்தது. தமிழ்நாட்டில் இவ்வளவு பேர் சேர்ந்து இவ்வளவு காலம் இவ்வளவு வெளிப்படையாக மீறிய சட்டப்பிரிவு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

இந்த ஏற்பாட்டை மாற்றியது 2017ஆம் ஆண்டின் 42ஆம் சட்டம். சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் இந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் அதோடு விலகியது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், காலம் பதினோரு மாதமானாலும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அந்த அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றமும் வாடகைத் தீர்ப்பாயமும் உண்டு. இங்கே முக்கியமானவை மூன்று விதிகள். குடியிருப்பவர் ஒப்பந்தத்தில் கண்டபடி அறிவிப்புக் கொடுத்துவிட்டு வீட்டை ஒப்படைக்கலாம். அப்படி எதுவும் எழுதியிராவிட்டால் குறைந்தது ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை பிணைத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருப்பவர் தர வேண்டியவற்றைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகையோடு நிறுத்திக்கொள்கிறது. தமிழ்நாடு தனக்கெனச் சட்டத்தை முன்பே இயற்றிவிட்டதால் இங்கே மூன்று மாதக் கணக்கே நிற்கிறது. அதிலும் ‘வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை’ என்ற வாசகம் கதவைப் பாதி திறந்தே வைத்திருக்கிறது.

ஆக, முன்னறிவிப்பு ஒரு மரியாதைச் சொல்லோடு நிற்பதில்லை. உரிமையாளர் கையில் பிணையாக இருக்கும் பணம் எந்தத் தேதியில் அவர் திருப்பித் தர வேண்டிய கடனாக மாறுகிறது என்பதை அந்த அறிவிப்பும், அதைத் தொடர்ந்து சாவியை ஒப்படைப்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தேதி நிலைநாட்டப்படாத இடத்தில் கடனும் நிலைநாட்டப்படுவதில்லை. தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஓட்டையின் வழியாகத்தான் நுழைகின்றன.

தரைத்தளத்தில் உரிமையாளர், மாடியில் வாடகைக்காரர் என்ற அமைப்பில் அறிவிப்பு வாய்மொழியாகப் போவது இயல்பு. “அண்ணா, எனக்குக் கோயம்புத்தூருக்கு மாத்தல் ஆயிடுச்சு, அடுத்த மாசம் காலி பண்றோம்” என்று படிக்கட்டில் நின்று சொல்வதும், “சரிப்பா, பாத்துக்கலாம்” என்ற பதிலும் இரு தரப்புக்கும் போதுமானதாகத் தோன்றும். பின்னால் ‘அடுத்த மாதம்’ என்பது எந்தத் தேதி என்ற கேள்வி எழும்போது அந்தப் பதிலில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. 106ஆம் பிரிவு கேட்கும் அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரின் கையெழுத்து வேண்டும். அதைத் தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், உரிமையாளரின் வீட்டில் அவருடைய குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ சேர்ப்பிக்கலாம்; எதுவும் முடியாதபோது சொத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டலாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வாடகையை உறவினர் வாங்கிவரும் வீடுகளில், ஒப்பந்தத்தில் எந்த முகவரி உள்ளதோ அங்கே ஒரு பிரதி போய்ச் சேர்வது அவசியம். வாடகை வாங்குபவர் அறிவிப்பைப் பெறவும் அதிகாரம் பெற்றவர்தானா என்பது தனிக் கேள்வி.

தபாலில் அனுப்புவதன் பலம் 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்திலிருந்து வருகிறது. சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவு அஞ்சலில் போட்ட கடிதம் உரிய காலத்தில் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அதன் 27ஆம் பிரிவு. வாங்க மறுத்துத் திரும்பிய கடிதமும் சேர்ந்த கடிதமே என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2025இல் அஞ்சல் துறை பதிவு அஞ்சலை விரைவு அஞ்சலோடு இணைத்துவிட்டதால், இப்போது ஒப்புகை கேட்டு விரைவு அஞ்சலில் அனுப்புவதே அதன் இடத்தை நிரப்புகிறது. வாட்ஸ்அப் செய்தியைப் பலர் போதுமென்று நினைக்கிறார்கள். அது முற்றிலும் வீணும் அல்ல. மின்னணுப் பதிவை எழுத்துக்கு இணையாக ஏற்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம். நீதிமன்றத்தில் அதை உரிய சான்றிதழோடு காட்டலாம் என்கிறது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. இருந்தாலும் ஒப்பந்தம் ‘எழுத்து மூலம்’ என்று குறிப்பிட்டிருக்கும்போது, செய்தி வடிவத்தைப் பற்றி வாதிடும் வாய்ப்பை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதில் பயனில்லை. வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு அதே நாளில் கடிதமும் அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

கடிதத்தில் நிறைய எழுத வேண்டியதில்லை. வீட்டின் கதவு எண்ணும் மாடியும், ஒப்பந்தத் தேதி, அறிவிப்புக்கு ஆதாரமான நிபந்தனை, காலி செய்யும் தேதி, அதுவரை வாடகை செலுத்தப்படும் என்ற உறுதி, கொடுத்திருக்கும் அட்வான்ஸ் தொகை, அது வந்துசேர வேண்டிய வங்கிக் கணக்கு ஆகியவை போதும். காலி செய்வதற்கான காரணத்தை விளக்கினால் அது பேரம் பேசும் இடமாகிவிடக்கூடும். அட்வான்ஸ் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டு ஒப்பந்தத்தில் குறைத்துக் காட்டப்பட்டிருந்தால், இந்தக் கடிதமே அந்தத் தொகையை எழுத்தில் பதிவு செய்யும் முதல் ஆவணமாக அமையலாம். உரிமையாளர் மறுக்காமல் பெற்றுக்கொண்டது பின்னால் ஓரளவு உதவும்.

சட்டம் சொல்லும் மாதமும் ஊர் பின்பற்றும் மாதமும் ஒன்றல்ல என்பது தனிச் சிக்கல். ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிப் புது வீடு புக மாட்டார்கள்; புரட்டாசியைத் தவிர்க்கும் குடும்பங்களும் உண்டு. பள்ளிக்கூட ஆண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில் டூ-லெட் பலகை தொங்கவிட்ட வாரத்திலேயே ஆள் வந்துவிடும். ஜூலை நடுவில் காலியாகும் வீடு ஆவணி பிறக்கும்வரை பூட்டியே கிடக்க நேரலாம். ஜூன் கடைசியில் ஒரு மாத அறிவிப்புக் கொடுக்கும் குடியிருப்பவர் தன் கடமையைச் சரியாகச் செய்தவர்தான். ஆனால் உரிமையாளர் மனதில் ஓடுவது ஆடி மாத வாடகை போச்சே என்ற கணக்கு. இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை. புதிய ஆளைப் பழைய குடியிருப்பவரே கூட்டிவந்து காட்டுவது, புரோக்கர் கமிஷனில் பாதியை ஏற்பது என்று ஊர் தானாக வழி கண்டிருக்கிறது. புதிய ஆளோடு உரிமையாளர் ஒப்பந்தம் போட்டுச் சாவியும் கொடுத்துவிட்டால், பழைய குத்தகை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவு இதை உட்கிடையான ஒப்படைப்பு என்கிறது. ஒரே வீட்டுக்கு ஒரே மாதத்தில் இருவரிடம் வாடகை வாங்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

நான்கைந்து பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் விலகுவது முன்கூட்டிக் காலி செய்வதாகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யாரோ அவருடைய பொறுப்பு தொடரும். விலகுபவரின் பங்கு அட்வான்ஸ் நண்பர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு.

சில ஒப்பந்தங்களில், ஆறு மாதத்துக்கு முன்னால் காலி செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வராது என்று இருக்கும். இத்தகைய நிபந்தனையைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, முறிவுக்கு ஒரு தொகை எழுதப்பட்டிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்கிறது. ஃபதே சந்த் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விளக்கத்தை, கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் வழக்கில் 2015இல் அது மேலும் கூர்மையாக்கியது. இழப்பே இல்லாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது. 73ஆம் பிரிவின் விளக்கக் குறிப்போ, இழப்பைக் குறைத்துக்கொள்ள இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வாடகை ₹12,000, அட்வான்ஸ் ₹60,000 உள்ள வீட்டை நான்காம் மாதத்தில் காலி செய்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வீடு இருபது நாள் காலியாகக் கிடந்து பிறகு அதே வாடகைக்குப் போனால், உரிமையாளரின் உண்மையான இழப்பு சுமார் ₹8,000. மீதி ₹52,000-ஐ வைத்துக்கொள்ள ஒப்பந்த வரி மட்டும் போதாது. எதிர்ப்பக்கமும் இதே அளவு வலுவானது. அறிவிப்பே இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வைத்துச் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவரிடம், அறிவிப்புக் காலத்து வாடகையைக் கழித்துக்கொள்ள உரிமையாளருக்கு முழு நியாயம் உண்டு.

வண்ணப்பூச்சு தனி வழக்கு. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் ஏறக்குறைய விதியாகிவிட்டது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு குடியிருப்பவரிடம் எதிர்பார்ப்பது, நியாயமான தேய்மானம் போக வீட்டை வாங்கிய நிலையில் திருப்பித் தருவதை மட்டும். சுவர் மங்குவது தேய்மானம். கதவு உடைவது சேதம். ஒப்பந்தத்தில் பெயின்ட் செலவு எழுதப்பட்டிருந்தால் அது கட்டுப்படுத்தும். எழுதப்படாதபோது ‘எல்லாரும் பிடிக்கிறதுதானே’ என்பது சட்டக் காரணமாகாது. பத்து மாதம் இருந்தவரிடமும் பத்து ஆண்டு இருந்தவரிடமும் ஒரே தொகையைப் பிடிப்பதில் இருக்கும் பொருத்தமின்மையை உரிமையாளர்களே மறுப்பதில்லை. ஆனால் வழக்கத்தைக் கைவிடுவதும் இல்லை. மின்கட்டணத்தில் வேறொரு தொல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு என்பதால் இடையில் காலி செய்பவருக்குப் பில் வந்திருக்காது. சாவி கொடுக்கும் நாளில் மீட்டர் எண்ணைப் படமெடுத்து இருவரும் ஒப்புக்கொண்டு தொகையைத் தீர்த்துவிடுவதே நடைமுறை. காலியான அறைகளின் படங்களும், சாவி பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரிக் கையெழுத்தும் அதே நாளில் கிடைத்தால்தான் கிடைத்தது.

வெள்ளம் வந்தால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும் என்ற நம்பிக்கை மேற்குப் புறநகரில் பரவலாக உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முகலிவாக்கம், மணப்பாக்கம் வீடுகளில் நீர் புகுந்தபோது பலர் இரவோடு இரவாக வெளியேறினார்கள். 108ஆம் பிரிவு வெள்ளத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பது உண்மை. ஆனால் சொத்தின் முக்கியப் பகுதி முற்றிலும் அழிந்திருக்க வேண்டும், அல்லது குடியிருக்க நிரந்தரமாகத் தகுதியற்றுப் போயிருக்க வேண்டும். நான்கு நாள் நின்று வடிந்த நீர் அந்த வரையறைக்குள் வராது. அந்த நிலையிலும் அறிவிப்புக் கொடுத்துத்தான் வெளியேற வேண்டும்.

வேலை மாறுதலை முன்கூட்டியே கணக்கில் எடுக்கும் ஒப்பந்தங்கள் தமிழர் வாழும் வேறு ஊர்களில் வழக்கத்தில் உள்ளன. சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் எடுக்கும் இரண்டாண்டுக் குத்தகையில் ‘டிப்ளமேட்டிக் கிளாஸ்’ எனப்படும் பிரிவு இருக்கும். வேலை போனாலோ நாடு மாறினாலோ, முதல் பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத அறிவிப்பில் விலகலாம். முகவர் கமிஷனில் எஞ்சிய காலத்துக்கு உரிய பங்கைக் குடியிருப்பவர் ஈடுகட்டுவார். காட்டுப்பாக்கம் போன்ற ஊரின் பதினோரு மாத ஒப்பந்தத்துக்குள் இப்படி ஒரு பத்தியைச் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத் தடையும் இல்லை.

காலி செய்து ஒரு மாதமாகியும் அட்வான்ஸ் வராவிட்டால் முதல் படி, தொகையும் தேதியும் குறித்து ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு. ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் அமைப்புகளை அணுகலாம். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்பதில் அந்தச் சட்டமே தடை வைத்திருப்பதால், அங்கே வழி குறுகுகிறது. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுப்பது செலவில்லாத வழி. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. அதன்மேல் முறையீடு இல்லை. பணத்தைக் கேட்டு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் மூன்றாண்டு தருகிறது.

இதுவரை சொன்னது மாத வாடகை வீட்டுக்கு. ‘லீசுக்கு’ எடுக்கும் வீட்டில் நிலைமை கடுமையானது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்து, வாடகை இல்லாமல் இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்துவிட்டு, போகும்போது அதே தொகையைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அது. சென்னைப் புறநகரில் வீடு கட்டி முடிக்கப் பணம் போதாத உரிமையாளருக்கும், வாடகை கட்டுவதை வீண் என்று நினைக்கும் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் உதவும் முறை. உள்ளடக்கத்தில் இது வீட்டை ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கு நெருக்கமானது. முறையாகச் செய்தால் போக்கியப் பத்திரமாகப் பதிவாக வேண்டும். நடுவில் காலி செய்ய விரும்புபவர் எத்தனை மாத அறிவிப்புக் கொடுத்தாலும், அந்தப் பணம் செங்கல்லாகவும் சிமென்டாகவும் சுவரில் இருக்கிறது. அடுத்த லீசுக்காரர் வந்து பணம் கட்டினால்தான் இவருக்குக் கிடைக்கும். அதனால் தொகை கைக்கு வரும் நாளன்றுதான் சாவியைக் கொடுக்கிறார்கள். வீட்டில் இருப்பதே அவர்களுக்குப் பிணை. ஊருக்குப் போய்விட்டால் அந்தப் பிணையும் போய்விடும் என்பதால், மாற்றலாகி வேறு நகரத்தில் வாடகை கட்டிக்கொண்டே இங்கே பூட்டிய வீட்டைக் காத்து நிற்க வேண்டியவர்களும் உண்டு.

அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால் சிக்கல் இரட்டிப்பாகும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் வங்கி வீட்டைக் கைப்பற்ற வரும்போது, பதிவு பெறாத லீசுத் தாளை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் உரிமை கோர முடியாது என்று 2019இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வங்கியின் கேட்பு அறிவிப்பு வந்த பிறகு, அதன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உரிமையாளர் வீட்டை லீசுக்கு விடவும் கூடாது. பதிவான அடமானங்களை வில்லங்கச் சான்று காட்டிவிடும். மூலப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் எப்போதும் தெரியும் என்று சொல்ல முடியாததால், லீசுத் தொகையைக் கொடுக்கும் முன் மூலப் பத்திரத்தை நேரில் பார்ப்பதும், நகல் மட்டுமே காட்டப்பட்டால் அசல் எங்கே இருக்கிறது என்று கேட்பதும் வில்லங்கச் சான்று வாங்குவதோடு சேர வேண்டிய வேலைகள்.